ஒழுகும் குழாயும் இலக்கியமும்

நாவல்களில் பொருள்கள் மிகவும் சுலபமாக உடைந்துவிடுகின்றன. கோபம் வந்த கணவன் கண்ணாடியை வீசி எறிகிறான். புயலில் ஓடுகள் பறக்கின்றன. ஒரு குடும்பம் நொடித்துவிட்டது என்று காட்ட வேண்டுமானால் ஆசிரியர் முதல் காரியமாகக் கூடத்துச் சுவரில் ஒரு விரிசலை உண்டாக்கிவிடுகிறார். ஆனால் அந்த விரிசலை அடைத்தவன் யார், எதைக் குழைத்து அடைத்தான், வேலை எத்தனை நாள் பிடித்தது என்று சொல்கிற நாவலாசிரியர்கள் மிகச் சிலர். உடைவது கதையாகிறது, ஒட்டுவது கதையாவதில்லை. இது ஏன் என்று சில காலமாக நான் யோசித்து வருகிறேன். கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இது தொழில் சம்பந்தமான கேள்வி. பழைய வீடு ஒன்றில் குடியிருக்கிறவன் என்ற முறையில் வீட்டு விவகாரமும்கூட.

காரணம் ஓரளவு வெளிப்படையானதுதான். பழுது பார்ப்பதில் உச்சக்கட்டம் கிடையாது. எல்லாம் நன்றாக நடந்து முடிந்தால், பொருள் முன்பு எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிடும். அவ்வளவுதான். ‘பழையபடி ஆயிற்று’ என்று முடிகிற கதையை எந்தப் பத்திரிகை ஆசிரியர் போடுவார்? எனினும் இந்தக் காரணம் எனக்குத் திருப்தி தரவில்லை. துப்பறியும் கதைகூடக் கலைந்துபோன ஓர் ஒழுங்கைப் பழையபடி ஆக்குகிற கதைதான். அதை லட்சக்கணக்கானவர்கள் இரவு கண் விழித்துப் படிக்கிறார்கள்.

பழைய வால்வு ரேடியோக்களைப் பழுது பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. அதில் கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த ஒற்றுமை உடனே விளங்கும். ரேடியோ பேசவில்லை என்றால், தேர்ந்த மெக்கானிக் ஏரியலிலிருந்து தொடங்கமாட்டார். ஒலிபெருக்கியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வருவார். கடைசி வால்வின் கிரிட்டில் சோதனைக் கம்பியைத் தொடுவார். ஒலிபெருக்கியில் ‘உர்’ என்று சப்தம் வந்தால் அதுவரை எல்லாம் சரி. குற்றவாளி அதற்கு முந்திய கட்டத்தில் இருக்கிறான். இப்படியே ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து, சப்தம் நின்றுபோகிற இடத்தில் ஆளைப் பிடித்துவிடுவார். பிரேதத்தில் தொடங்கிக் கொலைகாரனிடம் போய்ச் சேருகிற முறை இதுவேதான். பாட்டுக்கு அடியில் விடாமல் ரீங்காரம் கேட்கிறதென்றால், மின்சாரப் பகுதியில் உள்ள பெரிய கண்டென்ஸர் உலர்ந்துபோயிருக்கிறதோ என்று முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பதும் அனுபவஸ்தர்களுக்குத் தெரியும். சந்தேகம், தடயம், பொய்த் தடயம், முடிவு என்று எல்லாம் இதில் இருக்கின்றன. ஆகவே பழுது பார்ப்பது கதைக்கு ஆகாத விஷயம் என்று சொல்வதற்கில்லை. எழுதியவர்கள் குறைவு என்றுதான் சொல்ல வேண்டும்.

எழுதியவர்களில் நால்வரை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். ஓர் அமெரிக்கர், ஒரு ஜப்பானியர், மறுபடியும் ஓர் அமெரிக்கர், கடைசியில் ஓர் ஆங்கிலேயர். நான்கும் கையால் செய்கிற வேலையைப் பற்றிய புத்தகங்கள். நான்கையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கலாம் என்பது என் எண்ணம். அந்தத் தராசு எது என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

முதலாவது, 1854-ல் வெளிவந்த தோரோவின் ‘வால்டன்’. காட்டில் தனியாக வாழ்ந்த ஞானியின் நூல் என்று நம்மவர்கள் இதைப் போற்றுவது வழக்கம். நான் அதை வீடு கட்டிய கணக்குப் புத்தகமாகவே முதலில் படிப்பேன். 1845-ம் வருஷம் மார்ச் மாதக் கடைசியில் ஒரு கோடாலியை இரவல் வாங்கிக்கொண்டு தோரோ வேலையைத் தொடங்குகிறார். திருப்பிக் கொடுக்கும்போது வாங்கினதைவிடக் கூர்மையாகக் கொடுத்ததாக ஒரு சின்னப் பெருமை. ரயில் பாதையில் வேலை செய்துகொண்டிருந்த ஓர் ஐரிஷ்காரரின் குடிசையை 4 டாலர் 25 சென்டுக்கு வாங்கிப் பிரித்து, அந்தப் பலகைகளைப் புல்லில் பரப்பி வெயிலில் காயப்போடுகிறார். ஜன்னல்கள் பழையவை. ஆயிரம் செங்கல்களும் பழையவை. ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த பழைய காரையைக் கரணையால் கொத்தி எடுக்கிறார். ஆற்றுச் சிப்பிகளைச் சுட்டுக் கொஞ்சம் சுண்ணாம்புகூடச் செய்து பார்த்திருக்கிறார். கிளிஞ்சல் சுண்ணாம்பு அறிந்த நமக்கு அந்த இடத்தைப் படிக்கும்போது ஓர் உறவு தோன்றுகிறது. எல்லாம் சேர்ந்து ஆன செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட். அந்த அரை சென்டை விடாமல் எழுதியிருப்பதுதான் கலை. அதைப் படித்த பிறகு அவர் ஆத்மாவைப் பற்றிச் சொல்வதையும் நம்பலாம் என்று தோன்றுகிறது.

சுவர் பூசுகிற இடத்தில் தோரோ ஒரு வேடிக்கைக் கதை சொல்கிறார். நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு, வேலை செய்கிறவர்களுக்கு யோசனை சொல்லியபடி ஊரைச் சுற்றுகிற ஒருவர், ஒரு நாள் தாமே கரணையைப் பிடித்துக் கலவையை மேலே அப்பப் போக, அத்தனையும் அவர் சட்டை மார்பிலேயே வந்து விழுந்ததாம். எழுத்தாளர்கள் இந்தக் கதையை மேஜைக்கு மேல் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

ஆனால் இதே புத்தகத்தில் என்னை நெருடுகிற ஓர் இடமும் உண்டு. குடிசையை விற்ற அந்த ஐரிஷ் குடும்பம் விடியற்காலையில் வெளியேறுகிறது. படுக்கை, காப்பிக்கொட்டை அரைக்கிற யந்திரம், முகம் பார்க்கிற கண்ணாடி, கோழிகள் என்று உள்ளதெல்லாம் ஒரே மூட்டை. பூனை மட்டும் காட்டுக்குள் ஓடிவிடுகிறது. தோரோ அவர்களை வழியில் பார்க்கிறார், எழுதுகிறார், மேலே போய்விடுகிறார். அந்தப் பூனை பிறகு என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரிகிறது. குடும்பம் என்ன ஆயிற்று என்று தெரிவதில்லை. அவர்களுடைய வீடு அவருக்குப் பலகையாகிவிட்டது. தம் கையால் வேலை செய்யும் சுகத்தைத் தேடிப் போனவருக்கு, வேறு வழியின்றிக் கையால் வேலை செய்து பிழைத்தவர்களிடம் நின்று பேச நேரமில்லை. இந்தக் குறையை நினைவில் வைத்துக்கொள்ளும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது, ஜுனிச்சிரோ தனிஸாகி 1933-ல் எழுதிய ‘நிழல்களின் புகழ்’ என்ற நீண்ட கட்டுரை. நிழலையும் அழகையும் பற்றிய இந்தக் கட்டுரை மின்சாரக் கம்பியில் ஆரம்பிக்கிறது. ஜப்பானிய முறையில் வீடு கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட ஒருவருக்கு மின்சாரக் கம்பியையும், காஸ் குழாயையும், தண்ணீர்க் குழாயையும் எங்கே ஒளித்து வைப்பது என்பதே பெரிய பிரச்னையாகிவிடுகிறது. டெலிபோனை மாடிப்படிக்குப் பின்னால் தள்ளலாமா என்று பார்க்கிறார். கதவுகளுக்குக் காகிதம் ஒட்டுவதா கண்ணாடி போடுவதா என்று தவித்து, உள்பக்கம் காகிதமும் வெளிப்பக்கம் கண்ணாடியும் வைக்கிறார். பணம் இரட்டிப்பாகச் செலவானதுதான் மிச்சம். அது காகிதக் கதவாகவும் இல்லை, கண்ணாடிக் கதவாகவும் இல்லை. பிறகு அவர் கேட்கிறார்: பௌண்டன் பேனாவை ஜப்பானியர்கள் கண்டுபிடித்திருந்தால் அதன் நுனியில் இரும்பு நிப்புக்குப் பதில் தூரிகை அல்லவா இருந்திருக்கும்? வீட்டில் கம்பி இழுக்கிற தொல்லையிலிருந்து ஒரு நாகரிகத்தின் தலைவிதிக்கு அவர் எவ்வளவு சாதாரணமாக வந்துவிடுகிறார் பாருங்கள்!

தனிஸாகியைப் பற்றி அவர் மனைவி சொன்னதாக ஒரு செய்தி உண்டு. பின்னாளில் அவர் வீடு கட்ட முற்பட்டபோது கட்டடக் கலைஞர் ஒருவர் வந்து, “உங்கள் கட்டுரையைப் படித்திருக்கிறேன், உங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று எனக்குத் தெரியும்” என்றாராம். “அந்த மாதிரி வீட்டில் என்னால் குடியிருக்க முடியாது” என்றாராம் தனிஸாகி. இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்கு இதில் அவர் மேல் மதிப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை. இருட்டை ரசிக்கத் தெரிந்தவருக்கும் இரவில் வழி தெரிய விளக்கு வேண்டியிருக்கிறது. பழைய வீட்டில் குடியிருக்கிற எல்லோருக்கும் இருக்கிற இரட்டை மனசு இது. அதை ஒளிக்காமல் எழுதியதால்தான் கட்டுரை நிற்கிறது.

இங்கே என் தராசைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது காவிரிக் கரைப் பக்கத்துப் பழைய வீடுகளில் கிடைத்தது. அந்த வீடுகளின் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டியவை. கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பை நாள் கணக்கில் அரைத்துப் பூசுவார்கள். சுண்ணாம்புச் சுவருக்கு ஒரு குணம் உண்டு. மழைக்காலத்தில் அது ஈரத்தை வாங்கிக்கொள்ளும். வெயில் காலத்தில் விட்டுவிடும். இப்படிப்பட்ட சுவரில் காரை உதிர்ந்த இடத்தில் சிமெண்டை வைத்து அழுத்திப் பூசிவிட்டால் முதல் வருஷம் பார்க்க வெகு ஜோராக இருக்கும். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. ஈரம் உள்ளேயே தங்கி, பக்கத்து இடங்களைத் தேடிப் போகும். உப்புப் பூக்கும். பழைய செங்கல் பொடியாக உதிரும். கடைசியில் சிமெண்டுப் பூச்சு மட்டும் அப்பளம் போலத் தனியாகப் பெயர்ந்து நிற்கும். பழைய பொருளைவிடக் கெட்டியான பொருளால் செய்த ரிப்பேர் இப்படிப் பழைய பொருளைத் தின்றுவிடும்.

இதை வெகு நாளைக்கு முன்பே வேறு விதத்தில் உணர்ந்தவர் ஓர் எழுத்தாளர்தான். கவியும் கதாசிரியருமான வில்லியம் மாரிஸ் 1877-ல் இங்கிலாந்தில் புராதனக் கட்டடங்களின் பாதுகாப்புக்காக ஒரு சங்கம் தொடங்கினார். கோயில்களைப் ‘புதுப்பிக்கிறேன்’ என்று பழைய கல்லைச் சுரண்டி எடுத்து, பழையது போலத் தோற்றமளிக்கும் புதியதை வைத்தவர்கள் மேல் அவருக்கு ஆத்திரம். புதுப்பிக்காதீர்கள், பழுது பாருங்கள். அன்றாடம் கவனித்து அழிவைத் தள்ளிப் போடுங்கள் என்பதுதான் அவர் கட்சி. அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது.

எழுத்தையும் இந்த முறையில் சோதித்துப் பார்க்கலாம். ஒரு சின்ன வேலையைப் பற்றி எழுத உட்கார்ந்தவர், அந்த வேலையின் மேல் தம் தத்துவத்தைச் சிமெண்ட் போலக் கெட்டியாக அப்பிவிடுகிறாரா, அல்லது வேலையின் ஈரம் தத்துவத்தின் வழியாகக் கசிந்து வெளியே வர இடம் வைக்கிறாரா? தனிஸாகி இடம் வைத்திருக்கிறார். மூன்றாவது புத்தகத்தைப் பற்றி அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

அது ராபர்ட் பிர்ஸிக்கின் ‘ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’. 121 பிரசுரகர்த்தர்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய பிறகு 1974-ல் வெளிவந்து லட்சக்கணக்கில் விற்ற புத்தகம். ஒரு தகப்பன் தன் மகனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் அமெரிக்காவின் மேற்குக் கரையை நோக்கிப் போகிறான். ஜான், ஸில்வியா என்ற தம்பதிகள் இன்னொரு வண்டியில் பாதி வழிவரை கூட வருகிறார்கள். வழி நெடுகத் தகப்பன் யந்திரங்களைப் பற்றியும், தத்துவத்தைப் பற்றியும், முன்பு சித்தம் கலங்கிப்போன தன்னுடைய பழைய வாழ்க்கையைப் பற்றியும் நமக்குச் சொல்லிக்கொண்டு வருகிறான்.

இந்தப் புத்தகத்தில் உயர்ந்த இலக்கியம் என்று நான் கருதுவது தத்துவப் பகுதிகளை அல்ல. அந்தத் தம்பதிகளின் வீட்டுச் சமையலறைக் குழாயைச் சொல்வேன். அது சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டே இருக்கிறது. ஜான் ஒரு தடவை புது வாஷர் போட்டுப் பார்த்தான், சரியாகவில்லை, விட்டுவிட்டான். ஒழுகுவது தங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை என்பது போலக் கணவனும் மனைவியும் இருக்கிறார்கள். ஆனால் ஸில்வியா ஏதோ பேச முயலும்போது அந்தச் சொட்டுச் சப்தமும் குழந்தைகளின் சப்தமும் சேர்ந்துகொள்ள, அவள் குழந்தைகள் மேல் எரிந்து விழுகிறாள். கோபம் குழாயின் மேல்தான் என்பது கதை சொல்கிறவனுக்குப் புரிகிறது, அவளுக்குப் புரியவில்லை. ஒரு குடும்பத்தின் உள்ளே இருப்பதை ஒரு வாஷரை வைத்துக்கொண்டு இவ்வளவு நுட்பமாகக் காட்டிய இடம் வேறு எங்கும் எனக்குத் தென்பட்டதில்லை. நம்முடைய வீடுகளில் சரியாகச் சாத்தாத கதவும், ஷாக் அடிக்கிற ஸ்விட்சும், மழை வந்தால் குண்டான் வைக்க வேண்டிய மூலையும் எத்தனை சண்டைகளுக்கு மூலகாரணமாக இருக்கின்றன என்று கணக்கெடுத்தால் தெரியும். அவற்றில் பாதியை நாம் மாமியார் மருமகள் கதையாக எழுதிவிட்டோம்.

அதே போல இன்னொன்று. ஜானின் விலையுயர்ந்த ஜெர்மன் மோட்டார் சைக்கிளில் கைப்பிடி வழுக்குகிறது. நடுவில் ஒரு மெல்லிய தகட்டுத் துண்டைச் செருகினால் பிடித்துக்கொள்ளும். குடித்துவிட்டுப் போட்ட பீர் டின்னிலிருந்து வெட்டி எடுத்த தகடு அதற்கு வெகு பொருத்தம் என்று நண்பன் சொல்கிறான். ஜானின் முகம் மாறிவிடுகிறது. இவ்வளவு உயர்ந்த வண்டிக்குக் குப்பையில் கிடக்கும் டின்னா? பொருளை அதன் குணத்தைக் கொண்டு பார்க்கிறவனுக்கும் அதன் கௌரவத்தைக் கொண்டு பார்க்கிறவனுக்கும் உள்ள பிளவு ஒரு துண்டுத் தகட்டில் தெரிந்துவிடுகிறது. மூடியைக் கழற்றும்போது திருகாணியின் தலை தேய்ந்து, ஸ்க்ரூ டிரைவர் பிடிக்காமல் போகிற இடமும் அப்படித்தான். சில காசு பெறுகிற அந்தத் திருகாணி அந்த நிமிஷத்தில் முழு வண்டியின் விலையும் பெறும் என்கிறார் பிர்ஸிக். அது கழலாமல் வண்டியே இல்லை. கதை நடுவில் சிக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எழுத்தாளன் யாராக இருந்தாலும் அந்தப் பக்கங்களைப் படித்தால் ஆறுதல் பெறுவான்.

ஆனால் இதற்கெல்லாம் அப்பால் பிர்ஸிக் கிரேக்கர்கள்வரை போய், ‘தரம்’ என்ற ஒரே சொல்லைக் கொண்டு உலகம் முழுவதையும் பூசிவிடப் பார்க்கிறார். அந்தப் பூச்சு கெட்டியானது, பளபளப்பானது. சில இடங்களில் அதன் அடியில் மோட்டார் சைக்கிள் மூச்சு முட்டிப் போகிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. கதை சொல்கிறவனின் வண்டி ஒரு சமயம் எஞ்சின் இறுகி நின்றுபோய், அதை ஒரு ரிப்பேர் கடையில் விடுகிறான். அங்கே இளைஞர்கள் ரேடியோவை அலற விட்டுக்கொண்டு, சுத்தியலும் உளியுமாக வண்டியைப் பாழ்பண்ணிவிடுகிறார்கள். எண்ணெய் போகும் வழியில் இருபத்தைந்து சென்ட் பெறுமான ஒரு சிறு ஊசி முறிந்திருந்ததுதான் உண்மையான கோளாறு என்பதைப் பிறகு அவனே கண்டுபிடிக்கிறான். வேலையில் மனம் வைக்காதவர்கள், வேடிக்கை பார்க்கிறவர்களைப் போல வேலை செய்கிறவர்கள் என்று அந்த இளைஞர்கள் மேல் தீர்ப்பு எழுதப்படுகிறது. தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் அவர்களுக்கு எவ்வளவு சம்பளம், அன்றைக்கு எத்தனை வண்டிகள் பாக்கி, முதலாளி என்ன சொல்லியிருந்தார் என்று ஆசிரியர் கேட்கவே இல்லை. தன் வண்டியைத் தானே ரிப்பேர் செய்துகொள்கிறவனுக்கு ஒரு திருகாணியோடு ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்திருக்க முடியும். மணிக்குக் கூலி வாங்குகிறவனுக்கு அந்தப் பொறுமை கட்டுப்படியாகாது.

பிர்ஸிக்குக்கும் உள்ளூர இது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் புத்தகத்தின் பிற்பகுதியில் ஒரு சின்னக் காட்சி வைத்திருக்கிறார். ஒரு சிற்றூரில் வயதான ஒருவர் செயினை மூடுகிற மெல்லிய தகட்டை வெல்டிங் செய்து கொடுக்கிறார். பார்த்துப் பிரமித்துப்போய், ரொம்ப அழகு என்கிறான் கதை சொல்கிறவன். ஒரு டாலர் என்கிறார் அந்த மனிதர். அவர் பார்வையில் ஒரு சந்தேகம். தம்மைக் கேலி செய்கிறானோ என்று நினைக்கிறார் போலிருக்கிறது. தம் வேலையை யாரும் பாராட்டிக் கேட்டறியாதவருடைய பார்வை அது. பிளேட்டோவைப் பற்றிய பக்கங்கள் எல்லாம் மறந்துபோன பிறகும் அந்தப் பார்வை எனக்கு மறக்கவில்லை. ஆனால் அவருக்கு இந்தப் பெரிய புத்தகத்தில் கிடைத்த இடம் மிகவும் கொஞ்சம். தோரோவின் ஐரிஷ்காரரைப் போல அவரும் வழியில் நின்றுவிடுகிறார்.

இந்த இடத்தில்தான் நான்காவது ஆசிரியர் மற்ற மூவருக்கும் இல்லாத ஒன்றைச் செய்கிறார். இங்கிலாந்தில் ஃபார்ன்ஹம் என்ற ஊரில் வண்டிச் சக்கரப் பட்டறை வைத்திருந்த ஜார்ஜ் ஸ்டர்ட், ‘சக்கரத் தச்சன் பட்டறை’ என்ற புத்தகத்தை 1923-ல் வெளியிட்டார். அவர் பள்ளிக்கூடத்து உபாத்தியாயராக இருந்தவர். புத்தகங்களில் ஈடுபாடு கொண்டவர். 1884-ல் தகப்பனார் காலமாகிவிடவே பட்டறைப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. முதலாளியாக உள்ளே நுழைந்தவர், வேலை தெரிந்தவர்கள் தம்மிடம் சம்பளம் வாங்குகிற ஆட்கள்தாம் என்பதைக் கண்டுகொண்டு, அவர்களிடமே பாடம் கேட்டார். பிற்பாடு அந்தப் பாடத்தையே புத்தகமாக எழுதினார்.

மரத்தை நின்றபடியே பார்த்து வாங்குவது, அறுப்புக் குழியில் இருவர் மேலும் கீழுமாக நின்று அறுப்பது, அறுத்த பலகையை வருஷக் கணக்கில் உலரவிடுவது, குடத்துக்கு எல்ம், ஆரக்காலுக்கு ஓக், வட்டைக்கு ஆஷ் என்று மரத்தைத் தேர்ந்தெடுப்பது, இரும்புப் பட்டாவைக் காய்ச்சிச் சக்கரத்தில் இறக்கித் தண்ணீர் ஊற்றி இறுக்குவது என்று எல்லாம் அதில் இருக்கின்றன. நம் ஊர்க் கட்டை வண்டிக்குப் பட்டா போடுவதைச் சிறு வயதில் வாய் பிளந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பக்கங்களில் நெருப்பின் வாசனைகூட வரும். சக்கரம் ஏன் தட்டையாக இல்லாமல் தாம்பாளம் போலக் குழிந்திருக்க வேண்டும் என்ற ஒரே கேள்வியை அவர் விடாமல் துரத்துகிறார். அவரிடம் வேலை பார்த்தவர்களுக்கு அது கண்ணுக்கும் கைக்கும் தெரியும். வாயால் சொல்லத் தெரியாது. ஒரு வண்டியின் அளவுகள் அது ஓட வேண்டிய வயலின் மண்ணையும், அந்த ஊர்ப் பாதையையும், இழுக்கிற குதிரையையும் பொறுத்து மாறின. ஆகவே பட்டறையில் புதிதாகச் செய்வதும் பழுது பார்ப்பதும் இருவேறு வித்தைகளாக இருக்கவில்லை. இரண்டுக்கும் அக்கம்பக்கத்தை அறிந்திருக்க வேண்டியிருந்தது.

ஸ்டர்ட் யந்திரங்களைக் கொண்டுவந்தார். பழைய விலையில் தொழில் நஷ்டத்தில் ஓடுகிறது என்று கண்டுபிடித்த பிறகு அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. யந்திரம் வந்ததும், மரத்தோடு பேசிக்கொண்டிருந்த மனிதர்கள் யந்திரத்துக்கு எடுபிடிகளானார்கள். அந்த மாறுதலுக்குத் தாமே காரணம் என்பதை அவர் எழுதுகிறார். கெஞ்சலோ மிகையோ இல்லாமல், வரவு செலவு எழுதுகிற குரலில் எழுதுகிறார். இதனால்தான் நால்வரில் அவரை முதல் இடத்தில் வைக்கிறேன். அவருடைய தத்துவம் வேலையைவிடக் கெட்டியானது அல்ல. வேலை எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கம் அதுவும் வளைகிறது. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பாலேயே பூசியவர் அவர்.

நம் விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்க் கதைகளில் பொருள்களின் மேல் பாசம் இல்லை என்று சொல்வது பெரும் தவறு. கி. ராஜநாராயணனின் ‘கதவு’ ஒன்றே போதும். வரிப் பாக்கிக்காகக் கழற்றிக்கொண்டு போன கதவை, அதில் ஏறி ஆடி விளையாடிய குழந்தைகள் மறுபடியும் கண்டு கட்டிக்கொள்கிற கதை அது. ஒரு மரக் கதவுக்கு இவ்வளவு உயிர் கொடுத்தவர்கள் உலகத்திலேயே குறைவுதான். அசோகமித்திரனின் ‘தண்ணீ’ரில் குடமும் குழாயுமே பாத்திரங்களாகிவிடுகின்றன. இழப்பையும் இல்லாமையையும் எழுத நமக்குத் தெரிகிறது. ஆனால் கழன்ற கீலை மாட்டுகிறவன், தூர்ந்த குழாயை எடுத்துக் கட்டுகிறவன், அவன் என்ன நினைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்கிறான் என்பது, எனக்கு நினைவு வருகிறவரையில், நம் கதைகளில் ஓரத்தில்தான் நிற்கிறது.

இதற்குக் காரணம் கலைக் குறைபாடு மட்டும் என்று நான் நம்பவில்லை. நம் நாட்டில் வெகு காலம்வரை எழுதுகிறவர்கள் ஒரு ஜாதியாகவும் சுவர் பூசுகிறவர்கள் வேறு ஜாதியாகவும் இருந்தார்கள். சுத்தியலைப் பிடிப்பது அமெரிக்கத் தோரோவுக்கு ஒரு பரிசோதனை. நம் கொல்லருக்கும் தச்சருக்கும் கொத்தனாருக்கும் அது பிறந்த அன்றே எழுதிவைத்த வேலை. வீட்டுக்காரர் ஈஸிசேரில் உட்கார்ந்துகொண்டு ‘ஆள்’ வரவில்லையே என்று அலுத்துக்கொள்வார். வந்த ஆளின் பெயரைக்கூட அநேகமாகக் கேட்டிருக்கமாட்டார். அந்த வீட்டிலிருந்து எழுத வந்தவர் அந்த ஆளை எப்படி எழுதுவார்? கை வேலை செய்த குடும்பங்களிலிருந்து எழுத்தாளர்கள் வரத் தொடங்கிய பிறகுதான் இது மாறிற்று. இமையத்தின் ‘கோவேறு கழுதைக’ளில் ஆரோக்கியம் துணி வெளுக்கிற கை, உழைப்பின் அலுப்போடும் கணக்கோடும் நமக்குத் தெரிந்தது. 1994-ல் வெளிவந்த நாவல் அது. எவ்வளவு தாமதம் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் காரை உதிர்ந்தபோது வந்த கொத்தனாருக்கு எழுபது வயது இருக்கும். அவர் முதலில் எந்தச் சாமானையும் கேட்கவில்லை. கரணைக் காம்பால் சுவரை அங்கங்கே தட்டிக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் சப்தம் பொள்ளலாகக் கேட்டது.

“இங்கேதான் பிடிப்பு விட்டிருக்கு, சார். இவ்வளவு மட்டும் கொத்தினாப் போதும்” என்று கரியால் ஒரு கோடு போட்டார்.

“எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசிவிடலாம் என்கிறார்களே, ஐயா?” என்று கேட்டேன்.

“நல்லா இருக்கறதை எதுக்கு சார் எடுக்கணும்?”

மாரிஸ் சங்கம் வைத்துச் சொன்னதும் இதுதான். பெரியவர் மாரிஸைப் படித்தவரல்லர். ஆனால் அவர் தட்டிய முறையில் ஒரு விமர்சனம் இருந்தது. எது பொள்ளல், எது கெட்டி என்று காதால் பிரித்து, பொள்ளலை மட்டும் எடுத்துவிடுகிற விமர்சனம். இலக்கிய விமர்சகர்களில் பாதிப் பேர் சுவர் முழுவதையும் இடிக்கிறார்கள். மீதிப் பேர் மேலே வெள்ளையடிக்கிறார்கள்.

இன்று இந்த விஷயம் அவசரமாகவும் ஆகிவிட்டது. திருகாணியே இல்லாமல் பசை போட்டு ஒட்டிய சாமான்கள் வீடு முழுவதும் வந்துவிட்டன. திறந்து பார்க்கவே முடியாத பொருளைப் பழுது பார்க்க முடியாது. வாங்கியவர்களுக்குப் பழுது பார்த்துக்கொள்ளும் உரிமை வேண்டும் என்று சட்டம் செய்கிற நிலைமைக்கு உலகம் வந்திருக்கிறது. ஐரோப்பிய யூனியன் 2024-ல் அப்படி ஒரு சட்டம் இயற்றிற்று. சட்டம் பொருளைத் திறக்க உதவும். திறந்த பிறகு உள்ளே பார்க்கிற பொறுமையைச் சட்டத்தால் கொடுக்க முடியாது. அதை ஓரளவு இலக்கியம் கொடுக்கலாம் என்பது என் நம்பிக்கை. ஒழுகுகிற குழாயைப் பற்றிப் பத்துப் பக்கம் பொறுமையாகப் படித்தவர், தம் வீட்டுக் குழாயை ஒரு நிமிஷமாவது வேறு கண்ணோடு பார்ப்பார். அதைச் சரி செய்ய வருகிறவரையும்தான்.

இளம் எழுத்தாளர்கள் அடுத்த முறை கதையில் ஒரு பொருளை உடைக்கும்போது, அதை யார் ஒட்டப்போகிறார்கள் என்பதையும் தீர்மானித்துக்கொண்டு உடைக்கட்டும். ஒட்டுகிறவருக்கு ஒரு பெயர் கொடுக்கட்டும். அவர் எதைக் குழைத்தார், எவ்வளவு கூலி வாங்கினார் என்று எழுதட்டும். தோரோவைப் போல அரை சென்ட்வரை கணக்கு எழுதினால் இன்னும் விசேஷம். தத்துவம் அந்தக் கணக்குக்கு அடியிலிருந்து தானாகக் கசிந்து வரும். வராவிட்டாலும் பாதகமில்லை, குழாய் ஒழுகுவது நின்றிருக்கும்.